தரையை மூடுவதற்கு முன்னால்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நமது குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பொறியாளர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்தவன். சமையலறையையும் சாப்பிடும் இடத்தையும் ஒன்றாக்கப் போவதாக மூன்று வீட்டுக்காரர்கள் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

நடந்தது இதுதான். பழைய சிங்க் இருந்த இடம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. 10 அடி தள்ளி எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னோம். "அதுக்கென்ன சார், தரைக்குள்ள பைப் விட்டுரலாம்" என்றார் வேலைக்கு வந்தவர். டைல்ஸ் ஒட்டி, கிரானைட் மேடை போட்டு, பால் காய்ச்சியும் ஆகிவிட்டது. மூன்றாவது மாதம் கீழ் வீட்டு மதினி படியேறி வந்தார்கள். "அண்ணாச்சி, எங்க பூஜை ரூம் சீலிங்ல தண்ணி இறங்குது, ஒரு எட்டு வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். படங்களுக்கு மேலே கறுப்பாக ஓதம். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

கணக்கு பிறகுதான் புரிந்தது. கழிவுநீர்க் குழாய்க்கு ஏறத்தாழ 40 அடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். 10 அடி தூரத்துக்கு 3 அங்குலம். குழாயின் கனம் தனி. நம் கட்டடத்தில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள், சமையலறையில் அப்படி இல்லை. டைல்ஸுக்குக் கீழே 2 அங்குலம் கூடத் தேறாது. வாட்டமே இல்லாமல் குழாயைப் படுக்கப் போட்டு, நடுவில் ஒரு எல்போ வைத்து மூடிவிட்டார்கள். தண்ணீர் தேங்கி அந்த இணைப்பு விட்டுவிட்டது. புது டைல்ஸை உடைத்து, சிங்க்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். கீழ் வீட்டுச் சீலிங் பூச்சும் பெயிண்டும் என் செலவு. அது நியாயம்தானே.

இங்கிலாந்தில் இருக்கும் என் மகளும் போன வருடம் சமையலறையும் சாப்பாட்டு அறையும் சேர்த்துக் கட்டினாள். அங்கே குளிருக்காகத் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. கொரியாவில் அந்தக் காலத்திலேயே அடுப்புப் புகையைத் தரைக்குக் கீழே விட்டு அறையைச் சூடாக்கினார்களாம், ஓண்டோல் என்று பெயர். வாசுதேவநல்லூர் வெயிலுக்கு நமக்கு அது வேண்டாம், தரை சில்லென்று இருந்தால் போதும். ஆனால் அவர்கள் வேலை செய்யும் முறையை வீடியோவில் பார்த்து அசந்துபோனேன். தரைக்குள் போகும் குழாயில் இணைப்பே கிடையாது, ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளக் குழாய். அலமாரிகள் எங்கே நிற்கும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதற்கு அடியில் குழாயை விடுவதில்லை. தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்து, அந்த அழுத்தம் இருக்கும்போதே மேலே சிமெண்ட் கலவை போடுகிறார்கள். அது இறுகுவதற்கு 3 வாரம் காத்திருந்துதான் சூடேற்றுகிறார்கள்.

வங்கியில் ரொக்கம் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. 10 ரூபாய் குறைந்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். என் வீட்டில் அதை நான் செய்யவில்லை.

ஆகவே மூன்று வீட்டாருக்கும் சொல்கிறேன். சிங்க்கை முடிந்தவரை பழைய சுவரிலேயே வையுங்கள், அடுப்பை வேண்டுமானால் நகர்த்துங்கள். கழிவுக் குழாயின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். நல்ல தண்ணீர்க் குழாய்க்குக் கைப்பம்பு வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். நடுச்சுவரை இடிப்பதென்றால், நாலரை அங்குலம்தானே என்று நீங்களே முடிவு செய்யாமல், கட்டட வரைபடத்தோடு ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். சுவர் போனால் தாளிக்கிற நெடி ஹாலுக்கு வரும், அது உங்கள் வீட்டுப் பிரச்சினை. பீம் போனால் எல்லாருக்கும் பிரச்சினை.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. தரையை மூடுவதற்கு முதல் நாள் கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அளவு நாடாவோடு படம் எடுத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். இரண்டாவது தடவை தரை போட்டபோது நான் எடுத்த 14 படங்களைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மதினியின் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.