கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள்!

நடுவர் ஐயா அவர்களே, திண்டுக்கல் பெருமக்களே! இளங்குதிரையைப் பழக்கச் சாட்டைதான் சிறந்தது என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணித் தலைவருக்குத் தனியாக ஒரு வணக்கம். அண்ணன் கையில் இப்போது சாட்டை இல்லை என்ற தைரியத்தில்தான் மைக் முன்னால் நிற்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே "அடியாத மாடு படியாது" என்றார். ஐயா, தலைப்பு குதிரை! பழமொழி மாடு! எந்த விலங்கென்றே தெரியாதவர் அதைப் பழக்கப் போகிறாராம்.

அடுத்து, 1755-ல் இந்த ஊருக்கு ஃபௌஜ்தாராக, அதாவது ராணுவ அதிகாரியாக, வந்த ஹைதர் அலியை இழுத்தார். அவர் குதிரைப்படையைக் கொஞ்சியா பழக்கினார்கள் என்று கேட்டார். நான் கேட்கிறேன்: எதிரே பீரங்கி வெடிக்கும்போது குதிரை, முதுகிலிருப்பவன் சாட்டைக்கா பயப்படும்? சாட்டையை மட்டும் நம்பிய சிப்பாயை நத்தம் ரோட்டில் இறக்கிவிட்டு அது நேரே சிறுமலை ஏறியிருக்கும்!

எங்கள் அணி சொல்வது இதுதான். வட்டமாக வேலி போட்ட இடம். நடுவில் ஆள். குட்டிக்குக் கயிறில்லை, கடிவாளமில்லை. நெஞ்சை நிமிர்த்தி அதன் பின்தொடைப் பக்கம் நடந்தால் அது முன்னே ஓடும். தோளுக்கு முன்னால் போய் நின்றால் வேகம் குறையும், திரும்பும். ஓடி ஓடி ஒரு கட்டத்தில் உள்பக்கக் காது நம் பக்கம் சாயும், தலை தாழும், வாயை மெல்லும். அப்போது பார்வையைத் தாழ்த்தி, தோளைத் திருப்பி, சும்மா நிற்க வேண்டும். குட்டி தானாக வந்து தோளுக்குப் பின்னால் நிற்கும். சொன்னதைச் செய்த நொடியில் நெருக்கடியை விலக்கிக்கொள்வதுதான் அதற்குப் பரிசு. அண்ணன் வழியில் செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி. பாவம், அது எதைத்தான் கற்றுக்கொள்ளும்?

உடம்பால் பேசினால் குதிரைக்குப் புரியுமா என்று நக்கலடித்தார். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. வான் ஆஸ்டன் என்ற கணக்கு வாத்தியார் வளர்த்தது. மூன்றும் நாலும் எத்தனை என்றால் குளம்பால் ஏழு தட்டு தட்டும். ஊரே திரண்டது. 1904-ல் அறிஞர் குழுவே வந்து பார்த்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஃபங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் குட்டை உடைத்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது! சரியான தட்டு வந்ததும் கேட்பவர் தலை தன்னையறியாமல் மயிரிழை அசையும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியது. பேராசிரியர்கள் கண்ணுக்குத் தப்பியது குதிரை கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த ஹான்ஸ் இன்று இந்த முதல் வரிசையில் நின்றிருந்தால், அண்ணன் பேச்சில் அண்ணனுக்கே நம்பிக்கை இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கும்! மயிரிழை அசைவைப் படிக்கிற ஜீவனுக்குச் சேதி சொல்ல உங்களுக்குச் சாட்டை எதற்கு?

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது நாகரிகமாம். ஐயா, ஸெனஃபோன் என்ற கிரேக்கத் தளபதி, குதிரையிடம் கோபத்தோடு போகாதே என்று எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சேதி இன்னும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டுபவனுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்கிறார். பழனிக்கு வாருங்கள். தைப்பூசக் கூட்டம், காவடி, மேளம், பஸ் ஹார்ன். இத்தனைக்கும் நடுவில் பச்சைப்பிள்ளையோடு ஒரு குடும்பம் குதிரை வண்டியில் ஏறுகிறது. அந்தக் குதிரை, வண்டிக்காரரை நம்பி நிற்க வேண்டுமா, அவரைக் கண்டு நடுங்கி நிற்க வேண்டுமா? பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்லுங்கள்! குதிரையின் முதுகெலும்பு முழுசாக முதிர 5, 6 வயதாகும். அதுவரை பாரம் ஏற்ற அவசரப்படாமல், தரையில் நின்று பழக்கினால் நேரம் வீணாகுமா?

மதுரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நாம். சொக்கநாதர் நரியைப் பரியாக்கினார். அண்ணன் சாட்டையை எடுத்துப் பரியை நரியாக்குகிறார்! அடிபட்ட குதிரை அடங்குவதில்லை ஐயா, சமயம் பார்க்கிறது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுத்தியலைத் தேடுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் ஐயா, நீங்கள் தீர்ப்பே சொல்ல வேண்டாம். அண்ணன் பழக்கிய குதிரை ஒன்று, எங்கள் அணி பழக்கிய குதிரை ஒன்று, இரண்டையும் மைதானத்தில் நிறுத்தி ஒரே நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். எங்கள் குதிரை எங்களைத் தேடி வரும். அண்ணன் குதிரையைத் தேடி அண்ணன் போகட்டும்!