குடியை நிறுத்திய முதல் மாதங்கள்

மதுவை நிறுத்தியவரின் கைநடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகின்றன. மனம் நிலைகொள்ளவோ பல மாதங்கள் பிடிக்கும் என்பதும், அந்த இடைக்காலத்தில்தான் பலர் மீண்டும் குடிக்கத் தொடங்குகிறார்கள் என்பதும் குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் அந்த முதல் வாரத்தைக்கூட வீட்டிலேயே கடந்துவிட எண்ணக்கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் மேற்பார்வை கட்டாயம்.

மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை மது மிகுவிக்கிறது; கிளர்ச்சியைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இதற்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொண்ட மூளை, மது நின்றதும் பழைய நிலைக்கு உடனே திரும்புவதில்லை. அதனால் சின்னச் சத்தமும் எரிச்சலூட்டுகிறது, தூக்கம் துண்டுபடுகிறது. மகிழ்ச்சியோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமைன் அமைப்பும் மந்தப்பட்டிருப்பதால், குழந்தையின் விளையாட்டோ பிடித்த சாப்பாடோ மனத்தைத் தொடுவதில்லை. 'குடிச்சப்பவே தேவலாம்' என்று வீட்டார் அலுத்துக்கொள்ளும் அந்தச் சிடுசிடுப்பு, தேறிவரும் மூளையின் ஒரு கட்டம் என்று அறிந்திருப்பதே பாதி ஆறுதல்.

போதை இதுவரை மூடிவைத்திருந்த குற்றவுணர்வும் அவமானமும் கடன்களின் நினைவும் இப்போது ஒருசேர மேலே வருகின்றன. சனிக்கிழமை மாலை கூலியை வாங்கிக்கொண்டு, டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீடு வந்தவரின் மூச்சை மனைவி வாசலிலேயே முகர்ந்து பார்க்கிறார். சட்டைப் பையைத் துழாவுகிறார். பல ஆண்டுகள் ஏமாந்தவர் சந்தேகப்படுவதில் பிழையில்லை. குடிக்காமல் வந்தவர் நொந்துபோவதிலும் பிழையில்லை. இருவரின் காயங்களும் ஒன்றோடொன்று உரசும் அந்த வாசற்படியைத் தாண்டுவது, மருத்துவமனை நாள்களைக் கடப்பதைவிடக் கடினம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தந்துவருவதன் தேவை இங்கேதான் விளங்குகிறது.

தனிமையில் வரும் குடிவேட்கைக்குப் பேச்சுத்துணை எவ்வளவு உதவும் என்பதற்கு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935 மே மாதம் நடந்தது சான்று. குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், வணிக முயற்சி தோற்ற மனச்சோர்வோடு விடுதிக் கூடத்தில் நின்றபோது, ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு அவரை இழுத்தது. அவர் தொலைபேசியை நாடி, தேவாலயத்தார் மூலம் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை அமைப்பு அந்தச் சந்திப்பிலிருந்தே வளர்ந்தது.

அந்த மருத்துவரும் இடையில் ஒருமுறை சறுக்கி, அதாவது நிறுத்திய பின் மீண்டும் குடித்து, அதே ஆண்டு ஜூன் 10-க்குப் பிறகே முற்றிலும் மீண்டார். சறுக்கியவரை மேலும் குடிக்கவைப்பது பெரும்பாலும் 'எல்லாம் போச்சு' என்ற வெட்கமே. ஆகவே அதை மறைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்ல அருகில் ஆளில்லாதவர்கள், இந்திய அரசின் 14446 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.