எந்த வாசலைத் தட்டுவது?

(கனகம்மாசத்திரத்தில் நடந்த ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை பிரசவம், எத்தனை அறுவைச் சிகிச்சை, எவ்வளவு கடன் என்று கணக்கு ஒப்புவிப்போம். அந்த அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கு வேறொரு காரியத்தைக் குறித்துப் பேச விரும்புகிறோம். நமது மருத்துவமனை ஓர் ஆராய்ச்சிக்காக அரசாங்கத்திடம் மானியம் கேட்கத் தீர்மானித்திருக்கிறது. இது ஏன், எந்தத் திட்டத்தில், என்ன நிபந்தனையில் என்று அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் காணிக்கையால் நிற்கிற வீடு இது.

முதலில் ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்லுகிறோம். நகரிப் பக்கத்திலிருந்து வந்த நெசவாளர். வயது நாற்பதுக்குள். காசநோய். வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். மூன்று வாரம் நமது வார்டில் வைத்துப் பார்த்தோம். காய்ச்சல் விட்டது, எழுந்து நடந்தார். மருந்துச் சீட்டோடும் ஜெபத்தோடும் பேருந்து ஏற்றிவிட்டோம். ஆறாம் வாரம் அவருடைய மனைவி வந்து, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். மருந்தை ஒரு நாளும் விடவில்லையாம். "சாப்பாடுதான் இல்லீங்கய்யா, தறி நின்னுபோச்சு" என்றார்கள். ஆறுதல் சொல்லப் போன எங்கள் வாயில் வார்த்தை வரவில்லை.

அவர் ஒருவர் மாத்திரம் அல்ல. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, வார்டிலிருந்து நல்லபடியாக அனுப்பப்பட்டு, பிறகு என்ன ஆனார் என்றே தெரியாத பெயர்கள் பல இருந்தன. அதிலும் அநேகர் ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள். நமக்கு அவர்கள் அடுத்த ஊர்க்காரர்கள். பதிவேட்டுக்கு வேறு மாநிலத்தார். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோயாளியின் எடை, மூச்சு, கால் வீக்கம், எழுந்து நிற்கும் பலம் ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை முதல் நாளிலேயே பிரித்து மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல திட்டம் அது. ஆனால் எல்லைக்கு அப்பால் திரும்பிப் போகிற நம் நோயாளியை யார் தொடர்ந்து பார்ப்பது? இந்தக் கேள்விதான் எங்களை ஆராய்ச்சி என்ற வார்த்தைக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

ஆராய்ச்சி என்றவுடன், அது பெரிய பட்டணத்துக் காரியம், கிராமத்து ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பிரியமானவர்களே, உலகத்துக்கே காசநோய் வைத்தியத்தைக் கற்றுக்கொடுத்த ஆராய்ச்சி நமது சென்னையில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த மையத்தார் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு தேசங்கள்தோறும் வைத்திய முறையை மாற்றியது. அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1968-இல் அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரிய பரிசோதனை தொடங்கியது. 1997-இல் நமது திருவள்ளூர் மாவட்டம் பிரிந்து வந்தது அந்தச் செங்கல்பட்டிலிருந்துதான். 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுக்க அதை இன்றும் போடுகிறோம். ஆனால் பெரியவர்களுக்கு அதையே நம்பியிருக்கக் கூடாது என்று உலகம் கற்றுக்கொண்டது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று உண்மையாய்ச் சொல்லுவதும் ஊழியந்தான். நமது முயற்சியிலும் அப்படி நேரிடலாம். அதை இப்போதே உங்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

இனி வாசல்களுக்கு வருவோம். டில்லியில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் வாசல் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் வேறு வேறு நோக்கத்துக்காகத் திறந்திருக்கிறது. இதை அறியாமல் விண்ணப்பம் எழுதுகிறவர்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் பிடுங்கச் சொல்லுகிறவர்களைப்போல் ஆவார்கள்.

முதல் வாசல், ஐ.சி.எம்.ஆர். என்று நாம் சொல்லும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1911-இல் வேறு பெயரில் தொடங்கி, 1949-இல் இந்தப் பெயரைப் பெற்றது. நோயாளியைப் பற்றிய கேள்விக்கு இதுவே நேரான வாசல். இதற்குள்ளும் அறைகள் உண்டு. ஒரு மருத்துவர் தாமே எழுப்பும் கேள்விக்குச் சிறு மானியம், பல இடங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு இடைநிலை மானியம் என்று வைத்திருக்கிறார்கள். 2024-இல், உலகத்தில் இதுவரை எவரும் செய்யாததைச் செய்வோருக்கென்று ஒரு சவால் திட்டத்தையும் அறிவித்தார்கள்.

இரண்டாம் வாசல், 1986-இல் ஏற்பட்ட உயிரித் தொழில்நுட்பத் துறை. தடுப்பூசி, பரிசோதனைக் கருவி போன்றவற்றை உண்டாக்குகிறவர்களுக்கு இது ஏற்றது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாதபடி நம் நாட்டிலேயே உருவான ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கு இந்தத் துறை பல ஆண்டுகள் கைகொடுத்தது. அதன் கடைசிக் கட்டப் பரிசோதனையில் டில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். வேலூரில் அதை நடத்தியது நாம் அனைவரும் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2016-இல் ஆந்திரத்திலும், 2017-இல் தமிழ்நாட்டிலும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. மிஷன் ஆஸ்பத்திரியும் அரசாங்கப் பணமும் கூடி வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்தத் துறையின் கீழ் 2012-இல் ஏற்பட்ட பைராக் என்னும் அமைப்பு, புதுப் பொருளைக் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவர முயலும் சிறு தொழில்முனைவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது.

மூன்றாம் வாசல், அறிவியலின் அடிப்படைக் கேள்விகளுக்கானது. முன்பு செர்ப் என்ற வாரியம் நடத்தியதை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது ஏற்றிருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் இது மிகவும் பொருந்தும்.

எங்கள் கமிட்டியில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுகிறோம். பெரிய தொகையைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது. "ஒரு புதுப் பரிசோதனைக் கருவி என்று எழுதுவோம், பணம் வந்தால் கட்டடத்தையும் சரிசெய்துகொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சிலர் தலையை ஆட்டினோம். அப்போது எங்கள் மூத்த செவிலியர் அம்மா எழுந்து, பின்கட்டு அறையில் துணி போர்த்தி நிற்கிற இயந்திரத்தை ஞாபகப்படுத்தினார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் அதை வாங்கினோம். அதை இயக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனார். பழுதுபார்க்கப் பணம் திட்டத்தில் இல்லை. இன்றைக்கும் அது நிற்கிறது. "அய்யா, நமக்குத் தெரியவேண்டியது அந்த நெசவாளர் ஏன் செத்தார் என்பது. கருவி எதற்கு?" என்று கேட்டார்கள். அறை அமைதியாகிவிட்டது.

ஆகவே, பணம் எங்கே அதிகம் என்று கேட்பதை விட்டு, எங்கள் கேள்வி எந்த வாசலுக்கு உரியது என்று கேட்டோம். விடை எளிதாயிற்று: ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியம்.

கேள்வி இதுதான். எல்லைக்கு இருபுறமும் உள்ள காசநோயாளிகளுக்கு உணவுப் பொட்டலத்தை எப்படிக் கொடுத்தால் அது உயிரைக் காக்கும்? மாதம் ஒருமுறை மருத்துவமனையில் வந்து வாங்கிக்கொள்வதா, அல்லது சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுபோய், எடையும் பார்த்து வருவதா? உணவு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் சோதிக்கப்போவதில்லை. அது ஏற்கெனவே தெரிந்த காரியம். ஜார்க்கண்டில் ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், 2,800 நோயாளிகளின் குடும்பத்தாரைக் கவனித்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாய்க் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எடை கூடிய நோயாளிகளில் மரணமும் வெகுவாய்க் குறைந்தது. கிருமியைக் கொல்வது மருந்து என்று 1956-இன் ஆய்வு காட்டியது. பசித்த உடம்பு மருந்து வேலை செய்யும்வரை தாங்காது என்று இது காட்டுகிறது. அரசாங்கமும் சத்துணவுக்காக நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியிருக்கிறது. ஆகையால் நமது ஆய்வில் இரு பிரிவாருக்கும் உணவு உண்டு. ஒருவருக்குச் சோறும் ஒருவருக்குப் பட்டினியும் வைத்து எண்ணிப் பார்க்க நமக்கு அதிகாரம் இல்லை.

நிபந்தனைகளையும் கேளுங்கள். தனியார் நிறுவனம் இப்படிப்பட்ட மானியம் பெற, மத்திய அரசின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரம் வேண்டும். அது இல்லாத சிறிய மருத்துவமனை, அங்கீகாரம் பெற்ற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நேர்வழி. அந்தப் பேச்சை நடத்திவருகிறோம். மானியப் பணத்துக்குத் தனிக் கணக்கு, ஆண்டுதோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். வெளிநாட்டு நண்பர்களின் காணிக்கை அதற்குரிய சட்டத்தின்படி வேறு கணக்கில் இருக்கிறது. இரண்டும் ஒருபோதும் கலவாது. நெறிமுறைக் குழு ஒன்று ஆய்வை அங்கீகரிக்க வேண்டும். அதன் தலைவர் வெளியாராக இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் இறையியல் அறிந்தவருக்கும், சாதாரணக் குடிமகனுக்கும் இடம் உண்டு. சம்மதப் படிவம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும். மாட்டேன் என்று சொல்லுகிறவருக்கும் அதே கட்டில், அதே மருந்து, அதே ஜெபம்.

"கர்த்தரை நம்புகிறவர்கள் ராஜாவிடம் கையேந்தலாமா?" என்று ஒரு பெரியவர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. வேதத்தில் இரண்டு பேரைப் பார்க்கிறோம். எஸ்றா, வழித்துணைக்கு ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்துப் புறப்பட்டான். நெகேமியாவோ அதே ராஜ்யத்தில் கடிதங்களையும், வனக்காவலனிடத்திலிருந்து மரங்களையும் கேட்டு வாங்கினான். இருவரையும் தேவன் நடத்தினார். ஆனால் நெகேமியா கேட்பதற்குமுன் ஜெபித்தான். எதற்கென்று தெளிவாய்ச் சொன்னான். வாங்கிய மரத்தை அலங்கத்துக்கும் வாசலுக்கும் உபயோகித்தான். எங்களுக்கு அதுவே பாடம்.

தானியேலையும் நினைவுகூருகிறோம். பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் பார்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள் என்று அவன் சொன்னான். விசுவாசி பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி உங்கள் பங்கு. மானியம் கிடைத்தால் பணியாளர் சம்பளம், பயணம், பரிசோதனைச் செலவு அதில் வரும். ஆய்வுக்குள் வராத நோயாளிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வேண்டிய அரிசியும் பருப்பும் வராது. அதை உங்களிடமே கேட்கிறோம். மானியம் கிடைக்காமலும் போகலாம். விண்ணப்பிப்போர் அநேகர், பெறுவோர் கொஞ்சம். கிடைக்காவிட்டாலும் பொட்டலம் போகும், எடையைக் குறித்துவைப்போம், பெயர்களைத் தொலைக்கமாட்டோம் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது.

அந்தச் சகோதரரின் மனைவி இப்போதும் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார்கள். மூன்று பேருக்கும் இதுவரை நோய் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர்கள் வரும்போதெல்லாம் கையில் ஒரு பை இருக்கும். திரும்பிப் போகும்போது அது நிறைந்திருக்கவேண்டும் என்பதே எங்கள் ஜெபம். அதற்காக நீங்களும் எங்களோடுகூட ஜெபியுங்கள்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.