நோவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் நினைவோடு இங்கு பேச வந்திருக்கிறோம். அவளுக்கு மார்பில் சிறு கட்டியொன்று தட்டுப்பட்டது. நோவில்லை. "மகளின் உயர்தரப் பரீட்சை முடியட்டும்" என்றிருந்தாள். பரீட்சை முடிந்தது, நல்ல பெறுபேறும் வந்தது. மகள் பல்கலைக்கழகம் போனதைப் பார்க்க அவள் இருக்கவில்லை.

அவள் அறியாதவள் அல்ல. வீட்டில் எல்லோருக்கும் பிறகுதான் தனக்கு என்று நினைத்தாள். நம்மில் யார் அப்படி நினைக்காதவர்?

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் இவற்றில் கட்டணம் இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் பப் பரிசோதனை செய்கிறார்கள். கருப்பைக் கழுத்திலுள்ள கலங்கள் புற்றாக மாறப் பல ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் மாற்றத்தைக் கண்டுகொண்டால் நோய் வராமலே தடுக்கலாம். மார்பகங்களையும் பார்த்து, மாதம் ஒருமுறை நாமே சோதிக்கும் முறையையும் சொல்லித் தருகிறார்கள். 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலைகளிலேயே ஏற்றப்படுகிறது. நம் காலத்தில் இல்லாத பாக்கியம் அது.

இங்கிலாந்தில் வாழும் சகோதரிகளுக்கு, 50 வயதை ஒட்டி மார்பகப் பரிசோதனை அழைப்பு வீடு தேடி வருகிறது. இங்கே நம்மை அழைப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். நாம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது படலை திறந்து வந்தவர் அவர்தான். கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்தத் தொடர்பு விட்டுப்போகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கோ கிளினிக் நேரமும் கந்தோர் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே நல்ல சுகாதாரக் கொள்கை, புதிய இயந்திரங்கள் வாங்குவதோடு முடிவதில்லை. உரிய வயது வந்த ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். போய்வர அரைநாள் விடுமுறை வேண்டும். பரிசோதனை முடிவு காலம் தாழ்த்தாமல் அவள் கைக்குக் கிடைக்க வேண்டும். இவற்றை உரியவர்களிடம் கேட்கும் குரல் நம் சங்கத்துக்கு உண்டு.

நம்மாலும் ஒன்று முடியும். 35 வயதை எட்டும் ஒவ்வொரு வகுப்பினரும் தோழியரைக் கூட்டிக்கொண்டு ஒன்றாகக் கிளினிக்குக்குப் போவோம். பள்ளிக்காலத்தில் எங்கும் சேர்ந்துதானே போனோம்! வெளிநாட்டிலிருப்போர் அழைப்புக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிடாதீர்கள். கட்டி தட்டுப்பட்டால் எந்த வயதிலும், எந்தப் பரீட்சைக்கும் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள்.

அடுத்த ஒன்றுகூடலிலும் நாம் எல்லோரும் இருக்க வேண்டும்.