அணியும் பொருளும்

(சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





எழுத்தாளர் சொல்லையும் அணியையும் எவ்வாறு கையாண்டு பொருளை உருவாக்குகின்றனர் என்பதுபற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மிசன் பாடசாலை ஒன்றிலே பயின்றவன் நான். ஆங்கிலப் பாட்டிலும் தமிழ்ப் பாட்டிலும் 'இஃது உவமை, இஃது உருவகம்' என்று அடிக்கோடிட்டு எழுதி நல்ல புள்ளிகள் பெற்றவன். ஆனால், அந்தப் புலவன் அந்த உவமையை ஏன் சொன்னான் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. பெயர் தெரிந்திருந்தது, பொருள் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலிலே என்னுள் எழுப்பியவர் பேராசிரியர் ஒருவரல்லர், எங்கள் ஆச்சி. பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று படலையடியில் நின்று, "ஆச்சி, நான் போறன்" என்றேன். ஆச்சியின் முகம் மாறிவிட்டது. "போறன் எண்டு சொல்லாத மோனை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றார். அன்று சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னேன். பஸ்ஸிலே இருந்து யோசித்தபோதுதான் விளங்கிற்று. இரண்டு வாக்கியமும் குறிக்கின்ற செயல் ஒன்றே. ஆயினும் ஒன்று பிரிவைச் சொல்கிறது. மற்றையது திரும்பி வருவதற்கு வாக்குக் கொடுக்கிறது. நன்னூலார் இத்தகைய வழக்கை மங்கலம் என்று பெயரிட்டு, தகுதி வழக்கினுள் அடக்கினார். நன்னூலைக் கண்ணாலும் காணாத ஆச்சி அதன் உயிரை அறிந்திருந்தார்.

இங்கே ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது ஆராய்வோம். உவமை முதலியவற்றை நாம் 'அணி' என்கிறோம். அணி என்றால் ஆபரணம். ஆபரணத்தைக் கழற்றினாலும் உடல் குறைவதில்லை. ஆகவே, அணியை நீக்கினாலும் பாட்டின் பொருள் குறையாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவித் தண்டியலங்காரம் அணிக்கெனத் தனி இலக்கணமாக எழுந்தது. அதற்கு மிக முந்திய தொல்காப்பியமோ உவமவியலை எங்கே வைத்தது? எழுத்ததிகாரத்திலன்று, சொல்லதிகாரத்திலுமன்று, பொருளதிகாரத்திலே வைத்தது. அகத்தையும் புறத்தையும், களவையும் கற்பையும் பேசிய அதிகாரத்திலேதான் உவமையும் பேசப்படுகின்றது. உவமை பொருளுக்கு மேலே பூட்டிய நகையன்று, பொருளை உணர்த்தும் வழிகளுள் ஒன்று என்பதை அந்த வைப்புமுறையே காட்டுவதாக நான் கொள்கிறேன்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் இரண்டு கொடிகளைப் பார்ப்போம். கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகுகின்றனர். மதில்மேற் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை 'வரவேண்டாம்' என்று கைகாட்டி மறிப்பன போல இருந்தன என்கிறார் இளங்கோவடிகள். இராமன் மிதிலைக்குள் நுழைகிறான். அங்கும் கொடிகள் அசைகின்றன. அவை 'விரைந்து வா' என்று அழைப்பன போல இருந்தன என்கிறார் கம்பர். கொடி ஒன்றே, காற்றும் ஒன்றே. ஒன்று கொலைக்களத்தின் வாயில். மற்றையது மணப்பந்தலின் வாயில். இயல்பாக நிகழ்வதன்மேற் புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதால் இதனைத் தற்குறிப்பேற்றம் என்பர். பெயரைப் பாடமாக்குவதோடு நின்றுவிட்டால் புள்ளி கிடைக்கும். அந்தக் கொடியை நீக்கிப் பார்த்தாலோ, வரப்போகும் துன்பத்தை அறியாத அந்த இருவருக்காக நம் நெஞ்சு பதைக்கும் பதைப்பும் நீங்கிவிடும். அப்படியாயின் அஃது ஆபரணமா? உயிர்நிலையன்றோ!

அணியே இல்லாமலும், சொற்களை நிறுத்தும் முறையாலேயே பொருளை ஆக்கலாம். தமிழிலே வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதே பெருவழக்கு. அனுமன் இலங்கையிலிருந்து மீண்டு இராமன் முன் நிற்கிறான். 'சீதையை' என்று அவன் தொடங்கியிருந்தால், அடுத்த சொல் வருமுன் இராமன் எத்தனை எண்ணி நடுங்கியிருப்பான்! காணவில்லையோ, இறந்துவிட்டாளோ என்று அந்த ஒரு கணமும் ஒரு யுகமாகியிருக்கும். ஆதலால், கண்டதைச் சொல்லும் வினையையே கம்பர் அனுமன் வாயில் முதற் சொல்லாக வைத்தார். இலக்கணத்திலே ஓர் இடமாற்றம். பொருளிலே ஒரு பேரன்பு. அனுமனைச் சொல்லின் செல்வன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே, இவை பழங்கதை, நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நமது ஊரிலிருந்தே ஓர் உதாரணம் கூறுகிறேன். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே, நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பு, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இதனை மூன்று விதமாகச் சொல்லலாம். 'நூலகம் எரிந்தது' என்பது ஒன்று. 'நூலகம் எரிக்கப்பட்டது' என்பது இன்னொன்று. 'நூலகத்தை எரித்தார்கள்' என்பது பிறிதொன்று. முதலாவதிலே நெருப்பு மாத்திரம் உண்டு. இரண்டாவதிலே ஒரு செய்கை உண்டு, செய்தவரைக் காணவில்லை. மூன்றாவதிலேதான் மனிதர் வருகின்றனர், 'யார்?' என்ற கேள்வியும் உடன் வருகின்றது. தன்வினை, செயப்பாட்டுவினை, செய்வினை என்று வகுப்பிலே நாம் பாடமாக்கியவை வெறும் பரீட்சைச் சரக்கல்ல. வினைமுதலை மறைப்பதும் காட்டுவதும் எழுதுபவன் கையிலே உள்ளன. சற்றுமுன் நான்கூடத் 'தீக்கிரையாயிற்று' என்றே சொன்னேன். உங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தீர்கள்?

அதே நிகழ்ச்சியைக் கல்முனைப் பகுதியிலே பிறந்த இஸ்லாமியத் தமிழ்க் கவிஞர் எம். ஏ. நுஃமான் அவர்கள் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையிலே சொன்னார். நூல்கள் எரிந்தன என்று அவர் அழவில்லை. தாம் கண்ட கனவாக ஒன்றைக் கூறுகிறார். சிவில் உடை தரித்த காவலர் புத்தரைச் சுட்டுக் கொல்கின்றனர், நூலகப் படிக்கட்டிலே அவருடல் கிடக்கின்றது, பின்பு நூற்குவியலோடு அவரையும் எரிக்கின்றனர், தம்மபதமும் சாம்பலாகின்றது. வினைமுதல் இங்கே மறைக்கப்படவில்லை என்பதைக் காண்க. அதனினும் பெரியது ஒன்றுண்டு. நூல்களை மாத்திரம் பாடியிருந்தால் அது நமது இழப்பு என்ற அளவிலே நின்றிருக்கும். எரியூட்டியவர்கள் தாங்கள் வணங்கும் ஆசானையே கொன்றனர் என்று காட்டியதனாலே, அந்த இழப்பு அவர்களுக்கும் உரியதாயிற்று. வசையாகச் சொன்னால் பகைவன் செவியை மூடிக்கொள்வான்; இப்படிச் சொன்னால் அவனுள்ளத்தில் ஒரு முள் தைக்கும். கனவு என்னும் உத்தியைக் கழற்றிவிட்டால் அக்கவிதையிலே மிஞ்சுவது ஒரு செய்தி மாத்திரமே.

ஆயினும், கத்தி வைத்தியன் கையிலும் உண்டு, கள்வன் கையிலும் உண்டு. கொடியை அசைத்து நம்மை எச்சரிக்கவும் செய்யலாம், ஏமாற்றவும் செய்யலாம். மேடைகளிலே ஒரு கூட்டத்தாரைப் புழு என்றும் களை என்றும் உருவகஞ் செய்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். களை என்று சொல்லி முடித்ததும், கேட்பவன் கை மண்வெட்டியைத் தேடத் தொடங்குகிறது. உருவகம் நமக்காக முன்னரே தீர்ப்பு எழுதிவிடுகின்றது. ஆகையால், இலக்கியங் கற்றல் பொழுதுபோக்கன்று, ஏமாறாதிருப்பதற்கான பயிற்சியுமாகும்.

வாலிப அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கவிதையாயினும் பத்திரிகையாயினும் சங்கத்தின் துண்டுப்பிரசுரமாயினும் வாசிக்கும்போது, வேறு சொல் இருக்க இச்சொல் ஏன் வந்தது என்று கேளுங்கள். செயலைச் செய்தவன் வாக்கியத்தில் இருக்கிறானா என்று தேடுங்கள். நாம் எழுதும்போதும் அந்த நேர்மையை நம்மிடமே வேண்டி நிற்போம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்களை அணிகளின் பெயர் கேட்டுச் சோதிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படலையடியிலே எங்கள் ஆச்சி செய்ததுபோல, ஒரு சொல்லைத் திருத்தி, ஏன் என்று எங்களைச் சிந்திக்க வையுங்கள். ஆச்சி இன்று எம்முடன் இல்லை. அவர் காலமான செய்தி கிடைத்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அன்று படலையடியிலே சொன்ன சொற்படி திரும்பி வந்தேன். வரவேற்க அவர்தாம் இருக்கவில்லை. ஆயினும், இன்றும் வீட்டிலிருந்து புறப்படும்போது அந்தப் படலையைப் பார்த்து அவர் சொல்லித்தந்தபடியே சொல்கிறேன்.

உங்களிடமும் அவ்வாறே விடைபெறுகிறேன். போய் வருகிறேன். வணக்கம்.