கவுளிக்கு நூறு, மோலுக்கு எவ்வளவு?



எங்கள் பாட்டி வெற்றிலையைக் கவுளிக் கணக்கில்தான் வாங்குவார். எங்கள் பக்கத்தில் கவுளி என்றால் நூறு இலை. இளசோ முற்றலோ, எடையைப் பற்றிப் பேச்சே வராது. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

நான்காம் படிவத்தில் வேதியியல் எடுக்கும் பிள்ளைகள் ‘மோல்’ என்றதும் மிரள்கிறார்கள். மோலும் ஒரு கவுளிதான். அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் ஆன கவுளி. இதில் நூறுக்குப் பதிலாக, தோராயமாகச் சொன்னால், 602 என்று எழுதி, பக்கத்தில் 21 சுழியங்கள் போட வேண்டும். முன்பெல்லாம் 12 கிராம் கார்பன்-12ஐ வைத்து மோலுக்கு விளக்கம் சொன்னார்கள். 2019 மே 20 முதல் அதுவும் இல்லை. இத்தனை துகள் சேர்ந்தால் ஒரு மோல் என்று எண்ணிக்கையாகவே வரையறுத்துவிட்டார்கள்.

ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மிடறு. ஒரு மோல் சமையல் உப்பு 58.5 கிராம். எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண நம்மால் ஆகாது, ஆனால் தராசு இருக்கிறது. நிறுத்த எடையை ஒரு மோலின் எடையால் வகுத்தால், கையில் எத்தனை மோல் என்று தெரிந்துவிடும்.

இதை ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வைத்துப் பார்ப்போம். காலையில் மங்கில் வடிந்த கித்தாப் பால் ஸ்டோருக்கு வந்து சேர்வதற்குள் கட்டிவிடக் கூடாது. அதற்காக வாளியில் கொஞ்சம் அமோனியா சேர்ப்பார்கள். ஸ்டோருக்கு வந்த பிறகு பால் உறைய வேண்டும், அதற்கு பார்மிக் ஆசிட். ஆனால் ஊற்றும் ஆசிட் உடனே பாலை உறைய வைப்பதில்லை. முதலில் அங்கே இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து தீர்ந்துபோகிறது. மிஞ்சியதுதான் பாலுக்கு.

பாலில் 34 கிராம் அமோனியா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முறிக்க எவ்வளவு ஆசிட் வேண்டும்? வகுப்பில் ஒரு மாணவி சட்டென்று, “34 கிராம்தானே சார்?” என்றாள். அவள் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். தப்பு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு அமோனியா மூலக்கூறுக்கு ஒரு ஆசிட் மூலக்கூறு. சமன்பாடு சொல்வது இவ்வளவுதான். அமோனியா ஒரு மோல் 17 கிராம், ஆகவே 34 கிராம் என்பது 2 மோல். ஆசிட்டும் 2 மோல் வேண்டும். பார்மிக் ஆசிட் ஒரு மோல் 46 கிராம், ஆக 92 கிராம். 34 கிராம் மட்டும் ஊற்றியிருந்தால் முக்கால் மோல்கூட வராது. ஒன்றேகால் மோல் அமோனியா அப்படியே மிச்சம். தொட்டியில் பால் பாலாகவே கிடக்கும். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “எடையை எடையோடு சேர்க்கக் கூடாதா சார்?” என்றாள். எண்ணிக்கையை எண்ணிக்கையோடு சேர்க்க வேண்டும். எடை, தராசில் வைக்கும்போது மட்டும். எத்தனையோ பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது இந்த ஒரே இடத்தில்தான். சூத்திரம் தெரியாமல் இல்லை. கிராமிலிருந்து மோலுக்குப் போகாமல் நேரே விடைக்குத் தாவிவிடுகிறார்கள்.

பாட்டியின் வெற்றிலைக்கும் அதில் தடவும் சுண்ணாம்புக்கும் வருவோம். ஈப்போ கல்லுமலைக் கோயிலை ஒட்டி நிற்கும் குன்று சுண்ணாம்புக்கல். ஈப்போவைச் சுற்றியிருக்கும் குன்றுகள் பலவும் அதே கல்தான். சுத்தமான கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். அந்த 56 கிலோவோடு 18 கிலோ தண்ணீர் சேர்ந்தால் கொதித்து நீறி, 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். வெற்றிலையில் தடவுவது அதைத்தான்.

பாட்டி போன பிறகு அவருடைய சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் காய்ந்து வெள்ளையாக இறுகியிருந்தது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. காற்றில் இருந்த கரியமில வாயுவை அது திரும்ப எடுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டிருக்கிறது. ஒவ்வொரு 74 கிராமும் மறுபடி 100 கிராம் கல்.