கைமாறும் செய்தியும் நமது பொறுப்பும்

(படுவான்கரையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



நெல் விலையையும் வாய்க்கால் திருத்தத்தையும் பற்றிப் பேசுவதற்குக் கூடிய இடத்தில், கைபேசியில் வந்து விழும் செய்திகளைப் பற்றிப் பேசுமாறு தலைவர் எம்மைப் பணித்திருக்கின்றார். இஃது என்ன பெரிய விடயம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சில போகங்களுக்கு முன்னர் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறிய கதையை முதலிற் சொல்லிவிடுகின்றோம். அதில் நமது குற்றமும் உண்டு.

ஒரு பெரும்போகத்தின் தொடக்கம். உர மானியப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுமா விழாதா என்று வட்டை முழுவதும் காத்திருந்த நாட்கள். ஓரிரவு எமது வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. விவசாயிகளின் விபரங்களை விற்றுவிட்டார்கள், நமது அந்தரங்கம் பறிபோய்விட்டது, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அதற்குச் சான்றாக ஒரு பட்டியலின் படமும் இணைக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் அத்தனையும் அதில் வரிசையாக இருந்தன.

நாம் வாசித்தோம், கொதித்தோம், படத்தோடு சேர்த்து மூன்று குழுக்களுக்கு அனுப்பினோம். ஊருக்கு நன்மை செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு படுத்தும் விட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் அனுப்பியிருக்கின்றார், அது பிழையாக இராது என்று எண்ணி மற்றவர்களும் தத்தம் குழுக்களுக்கு அனுப்பினர். விடிவதற்குள் அந்தப் பட்டியல் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள நம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எம்மிடமே தொலைபேசியிற் கேட்டனர்.

அந்தரங்கம் பறிபோகிறது என்று கூக்குரலிட்ட அதே செய்திதான் அந்தரங்கத்தை ஊர்வலம் கொண்டுபோனது என்பது அப்பொழுது நமக்குத் தோன்றவில்லை. கள்வன் வருகிறான் என்று கத்திக்கொண்டே கதவுத் திறப்பைத் தெருவில் எறிந்தவர்களானோம்.

மூன்றாம் நாள், எழுபது வயதைக் கடந்த ஒரு தாய்க்குத் தொலைபேசி வந்தது. அவருடைய பெயரையும் ஊரையும் இங்கு நாம் சொல்லமாட்டோம். பேசியவன் அந்த அம்மாவின் முழுப் பெயரைச் சொன்னான். அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னான். கணக்கு எந்த வங்கியில் என்றும் சொன்னான். "அம்மா, மானியப் பணம் வந்திருக்கிறது. உங்கள் போனுக்கு இப்போது ஓர் இலக்கம் வரும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றான். இத்தனை விபரம் தெரிந்தவன் கந்தோர் ஆளாகத்தான் இருப்பான் என்று நம்பி அவர் சொன்னார். நெல் விற்றுச் சேர்த்து வைத்திருந்த பணம் ஐந்து நிமிடத்தில் இல்லாமற் போயிற்று.

பின்னர்தான் நாம் மூலத்தைத் தேடிப் புறப்பட்டோம். எந்தக் கந்தோரும் எதையும் விற்கவில்லை. கூட்டத்துக்கு வரமுடியாத உறவினர் ஒருவருக்கு, அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று காட்டுவதற்காக, நம்மவர் ஒருவரே அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கின்றார். உறவினர் வேறொருவருக்கு அனுப்பினார். அப்படிப் போன வழியில் யாரோ ஒருவர் 'விற்றுவிட்டார்கள்' என்ற சொல்லைச் சேர்த்தார். இதைக் கண்டுபிடிக்க எமக்கு எடுத்தது ஒரு பிற்பகலும் நான்கு தொலைபேசி அழைப்புகளும். அந்த நான்கு அழைப்பையும் முதலாம் நாளே எடுத்திருக்கலாம்.

அடையாள அட்டை இலக்கம் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். அந்த இலக்கத்தைச் சற்று வாசித்துப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கமாக நிற்கின்றது, மற்றது அப்படியே. ஆகவே, அந்த இலக்கத்தைப் பார்த்த எவனும் உங்கள் வயதையும் பிறந்த நாளையும், நீங்கள் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு நொடியிற் சொல்லிவிடுவான். பக்கத்தில் கைபேசி இலக்கமும் கணக்கு இலக்கமும் இருந்தால் ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பெயர்ப் பட்டியல் பிழையான கைக்குப் போவது என்றால் என்னவென்று நம் இனத்துக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்று தப்பி வந்தவர்கள் பலர் சாட்சி கூறியிருக்கின்றனர். அந்தரங்கம் என்பது மேனாட்டாரின் நாகரிகப் பேச்சு என்று நம்மிடையே சொல்பவர்கள் அந்த யூலையை மறந்தவர்கள்.

இவ்விடயத்தில் நமக்குப் பயப்படக் காரணம் உண்டு. அதனாற்றான் அந்தரங்கம் பற்றிய எச்சரிக்கை எது வந்தாலும் கை துடிக்கின்றது. பொய்ச் செய்தியும் அந்தத் துடிப்பையே நம்பிப் பிழைக்கின்றது. இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2021 ஜனவரியில் வட்ஸ்அப் கொம்பனி புதிய நிபந்தனைகளை அறிவித்தது. பெப்ரவரி 8ஆந் திகதிக்குள் சம்மதிக்க வேண்டும் என்றது. உடனே, இனி நாம் எழுதுவதையெல்லாம் பேஸ்புக் வாசிக்கப் போகின்றது என்ற செய்தி உலகெங்கும் பறந்தது. நமது குழுக்களுக்கும் வந்தது. உண்மை என்ன? இருவர் தமக்குள் அனுப்பும் செய்திகள் 2016 ஏப்ரல் தொடக்கம் இடையில் எவரும், அந்தக் கொம்பனிதானும், வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டே செல்கின்றன. 2021இல் அந்தப் பூட்டு திறக்கப்படவில்லை. மாற்றம் பெரும்பாலும் வியாபார நிறுவனங்களோடு நாம் நடத்தும் உரையாடல்களைப் பற்றியது. நமது தொலைபேசி இலக்கம் முதலிய விபரங்களைத் தாய்க் கொம்பனிக்குக் கொடுப்பதோ, 2016 ஆகஸ்டிலேயே தொடங்கிய காரியம்.

பொய்ச் செய்தியால் விளைந்தது என்ன? கோடிக்கணக்கானோர் வேறு இடம் தேடி ஓடினர். 72 மணி நேரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் தம்மிடம் வந்து சேர்ந்ததாக டெலிகிராம் அறிவித்தது. அங்கே சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் அப்படியான பூட்டுக் கிடையாது. 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தெரிந்தெடுத்தாற்றான் உண்டு. பூட்டிய வீட்டில் கள்வன் புகுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, கதவில்லாத வீட்டுக்குக் குடிபோனார்கள் நம்மவர்களும். சிக்னலுக்குப் போனவர்கள் தப்பினார்கள். அங்கே பூட்டு உண்டு.

அந்தக் கொம்பனிமீது நியாயமான வழக்கு ஒன்றும் இருந்தது. சம்மதி, அல்லது விலகிப் போ என்று மக்களை நெருக்கியதே அந்த வழக்கு. அதை வரி வரியாக வாசித்தவர்கள் விடாமற் கொண்டு சென்றதன் பயனாக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணைக்குழு அதன் தாய்க் கொம்பனிக்கு 213 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. 'எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள்' என்று கூச்சலிட்டவர்களால் ஒரு சதமும் தண்டமாகவில்லை. மெய்யான முறைப்பாடுதான் அந்தக் கூச்சலில் அமுங்கிக் கிடந்தது.

இன்னொரு செய்தியையும் நீங்கள் அறிவீர்கள். 'நாளை முதல்' எல்லாத் தொலைபேசி அழைப்பும் பதிவு செய்யப்படும், செய்திக்குப் பக்கத்தில் மூன்று குறி வந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டது என்று பொருள், என்பது அது. 2020 ஏப்ரலிலேயே இந்திய அரசின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவு இதைப் பொய்யென்று அறிவித்தது. அப்படியொரு மூன்றாங் குறியே கிடையாது. ஆயினும் அந்த 'நாளை' இன்னும் விடியவில்லை, ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றது. திகதி இல்லாத 'நாளை முதல்' என்பதைக் கண்டால் அங்கேயே கையை நிறுத்துங்கள். பேஸ்புக்குக்கு அனுமதி மறுக்கின்றேன் என்று பலரும் தம் பக்கத்தில் ஒட்டிய பிரகடனமும் இவ்வகையினதே. அதிலே ரோம் சாசனம் சாட்சிக்கு அழைக்கப்பட்டிருந்தது! அது இனப்படுகொலையையும் போர்க்குற்றத்தையும் விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றத்தின் சாசனம். இலங்கை ஒப்பமிடாத அந்தச் சாசனத்தை நாம் நினைக்கவேண்டிய காரணங்கள் வேறு. பேஸ்புக் படங்களுக்காக அன்று.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று உத்தியோகத்தர் சிலர் கேட்கின்றனர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது உண்மை. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. தனிமனிதர் தம் வீட்டு அலுவலுக்காக மட்டும் வைத்திருக்கும் விபரங்களை அச்சட்டம் தொடுவதுமில்லை. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ பொய்க் கூற்றைக் குற்றமாக்கிற்று. எது பொய் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பதைப் பத்திரிகையாளரும் சட்டத்தரணிகளும் எதிர்த்தனர். நாமும் எதிர்க்கின்றோம். ஆனால் நாம் ஆராயாமல் அனுப்பும் ஒவ்வொரு பொய்யும், வாய்ப்பூட்டு வேண்டும் என்பவர்களுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் சாட்சிப் பத்திரமாகின்றது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் ஒன்றுமே அனுப்பக்கூடாதா? அனுப்பத்தான் வேண்டும். உண்மையாகவே ஒரு பட்டியல் வெளியே போனால் ஊர் அதை அறியவேண்டும். எப்படி அறிவிப்பது என்பதே கேள்வி. நமது கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்ட பழைய தோணிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "சத்தம் கேட்டது" என்பார்கள். பாடுவது மீனா, சிப்பியா என்று கேட்டால், "மீன் என்று சொல்கிறார்கள்" என்பார்கள். தாம் கேட்டது ஒன்று, பிறர் சொன்னது மற்றொன்று. அந்த இரண்டையும் அவர்கள் கலப்பதில்லை. பட்டியலைக் கண்டோம் என்பது நாம் கண்டது. விற்றார்கள் என்பது எவரோ சொன்னது. அந்த இரவில் நாம் இரண்டையும் ஒன்றாக்கினோம்.

பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் முகவரியும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பிழை வந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் உண்டு. கைமாறி வரும் செய்திக்கு அச்சகம் இல்லை. கடைசியாக அனுப்பியவர்தான் அதன் ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எல்லாம். இரட்டை அம்புக்குறியோடு வருவது ஏற்கெனவே பல கை மாறிய சரக்கு. அதை முதலிற் சொன்னவர் யார், என்று சொன்னார் என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். இங்கே இருக்கும் ஆசிரியர்கள், வைத்தியர்கள், சட்டத்தரணிகள், வங்கி உத்தியோகத்தர்களுக்கு இது இரட்டிப்புப் பாரம். உங்கள் பெயரைப் பார்த்தே வயற்காரர் நம்புகின்றனர். பெயர், இலக்கம் தெரியும் படத்தை எக்காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். செய்தியைச் சொற்களில் எழுதினாற் போதும்.

பிழையை அனுப்பிவிட்டால்? திருத்தத்தையும் அதே இடங்களுக்கு அனுப்பவேண்டும். நாமும் அனுப்பினோம், அந்த மூன்று குழுக்களுக்கும், நமது பெயரிட்டு, நாம் அனுப்பியது பிழை என்று எழுதி. வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு குழுவில் நால்வர் நன்றி சொன்னார்கள். மற்றொன்றில் ஒருவரும் பேசவில்லை. மூன்றாவது குழுவில், நான்காம் நாள், பழைய செய்தியே அதே பட்டியலுடன் வேறோர் ஊரிலிருந்து திரும்பி வந்தது. அந்த அம்மாவின் பெயர் அதில் பதினேழாவது வரியில் இருக்கின்றது.

அந்தப் படம் இன்றைக்கும் உங்களிற் சிலருடைய கைபேசியில் கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். கூட்டம் முடிந்து வீடு போவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள். எப்படி அழிப்பது என்று தெரியாதவர்கள் மேடைக்கருகே வாருங்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவர் அங்கே நிற்கின்றார்கள், காட்டித் தருவார்கள்.